முன்னால் பேசுகிறவரின் கடைசிச் சொல்

மெய்ட்ஸ்டோன்
1604, பிப்ரவரி 20

அன்புள்ள மச்சான் ஹம்ஃப்ரிக்கு,

ஜெர்வாஸ் எழுதுவது. அத்தை வீட்டில் நலமாக இருக்கிறேன். நலம் என்று எழுதவே கை கூசுகிறது.

உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். போன ஆகஸ்டில் சிசிலியும் குழந்தை பிரிஜெட்டும் கொள்ளைநோயில் போனபோது வெளியூரில் நாடகம் ஆடிக்கொண்டிருந்தேன் என்றேன். இல்லை மச்சான். குழந்தைக்குக் கட்டி கண்டதும் வீட்டை வெளியிலிருந்து பூட்டி, நோய் வீடு என்று கதவில் சிவப்புச் சிலுவை போட்டார்களே, அன்று நானும் உள்ளேதான் இருந்தேன். மறுநாள் கொல்லைப்புற ஜன்னலில் குதித்து ஓடிவிட்டேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சிசிலியிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

உங்கள் தங்கையை அப்படி விட்டுவந்த பாவி நான். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். வெளியே மட்டும் தெரிய வேண்டாம்.

ஈஸ்டருக்குப் பின் குளோப் கொட்டகையைத் திறக்கிறார்களாமே. எனக்கு ஒரு வேடம் பார்த்துக் கொடுங்கள். மேடை ஏறாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எந்த வேடமானாலும் சரி, சிரிப்பு வேடம் என்றால் இன்னும் நல்லது.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
ஜெர்வாஸ்

பாங்க்சைடு
மார்ச் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். போனதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கொட்டகைக் கூரையில் எலி குடித்தனம் நடத்துகிறது, வைக்கோல் மாற்றுகிறோம். மரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஷோர்டிட்சில் பழைய கொட்டகையைப் பிரித்து ஆற்றைக் கடத்தினோமே, நீங்களும் நானும் ஒரே உத்திரத்தைத் தோளில் தாங்கினோமே, அது இன்றும் மாடத்தைத் தாங்குகிறது.

லஃப்டன் கவிராயர் கதை கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்தார். நான்தான் ஒன்று சொன்னேன். நல்ல சிரிப்பு நாடகமாக வந்திருக்கிறது. முக்கிய வேடம் உங்களுக்குத்தான். உங்கள் பேச்சை என் கையாலேயே எழுதிச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். மனப்பாடம் செய்யுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹம்ஃப்ரி

மெய்ட்ஸ்டோன்
மார்ச் 25

அன்புள்ள மச்சான்,

உங்கள் மனசு யாருக்கு வரும்! சுருளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். முழுக்கப் பாடமாகிவிட்டது. அத்தையிடம் நடித்துக்காட்டினேன், சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். வழக்கம்போலச் சுருளில் என் பேச்சு இருக்கிறது, எனக்கு முன்னால் பேசுகிறவரின் கடைசிச் சொல் மட்டும் இருக்கிறது. மூன்றாம் காட்சியில் யாரோ "வந்துருவாரு" என்று முடிக்கிறார்கள். உடனே நான், "அடடா, என்னா காத்து! நடக்க நடக்க சொகமா இருக்குய்யா!" என்று துள்ள வேண்டும். யார் வருவார்? நான் எங்கே நடக்கிறேன்? முழுப் பிரதியை ஒரு நாள் காட்டக்கூடாதா?

உங்கள்,
ஜெர்வாஸ்

பாங்க்சைடு
ஏப்ரல் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழுப் பிரதி என் பெட்டியை விட்டு வெளியே போகாது. போனால் அடுத்த கொட்டகைக்காரன் மறுநாளே ஆடிவிடுவான். பதினைந்து வருடம் ஆடிய உங்களுக்குத் தெரியாததா?

அந்தச் சொல் பெண் குரலில் வரும். காதில் விழுந்ததும் யோசிக்காதீர்கள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பேசுங்கள். ஒத்திகைக்கு நேரமில்லை. 16ஆம் தேதி திங்கள் மதியம் நேரே வந்தால் போதும்.

ஹம்ஃப்ரி

கிரேவ்சென்ட்
ஏப்ரல் 17

மச்சான்,

உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மேடையில் ஒரு கதவு, அதில் சிவப்புச் சிலுவை. மாடத்து ஜன்னலில் பெண்வேடக்காரன் ஃபிலிப், சிசிலியைப் போலவே நீலச் சட்டையில், கையில் துணிப் பொம்மையோடு. அதைத் தட்டிக்கொடுத்துச் சொல்கிறான்: "அழாதடி கண்ணு. அப்பா தண்ணி எடுக்கத்தான் போயிருக்காரு. இதோ வந்துருவாரு."

அந்தச் சொல் விழுந்ததும் என் வாய் திறந்துவிட்டது. நான் தடுக்கப் பார்த்தேன் மச்சான், முடியவில்லை. பழகிய வாய். காற்று சுகமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "டேய், தண்ணி எங்கடா?" என்று கீழே நின்ற ஒருவன் தின்ற கொட்டையின் ஓட்டை என் முகத்தில் வீசினான். வேடத்தோடு வெளியே ஓடினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஃபிலிப் பேசிய அந்த வார்த்தைகளைக் கவிராயர்தானே எழுதினார்? கவிராயர்தான் என்று சொல்லுங்கள்.

ஜெர்வாஸ்

பாங்க்சைடு
ஏப்ரல் 19

ஜெர்வாஸுக்கு,

கவிராயர் எழுதவில்லை. நீ குதித்த அன்றிலிருந்து நான் தெருவின் எதிர்ச் சாரியில் நின்றேன். வாசலில் நின்ற காவலாளி கிட்டே விடவில்லை. தெருப்பக்க ஜன்னல் திறந்திருந்தது. மூன்று நாள் சிசிலி அந்த வார்த்தைகளைத்தான் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

காவலாளி கூடையில் நான்தான் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். "பாத்தியா, உங்கப்பா குடுத்தனுப்பிட்டாரு" என்று சொல்லிப் புகட்டினாள்.

உன் பொய் எனக்கு அன்றே தெரியும். என்றைக்காவது உண்மையைச் சொல்வாய், மன்னித்துவிடலாம் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். சொன்னாய். சொன்ன கையோடு சிரிப்பு வேடம் கேட்டாய்.

ஜனங்கள் மறுபடி கேட்கிறார்கள். அடுத்த புதன்கிழமை ஆடுகிறோம், உன் இடத்தில் வேறு ஆள். அந்த வேடத்துக்கு இதுவரை பெயர் இல்லாமல் இருந்தது. இப்போது ஜெர்வாஸ் என்று வைத்திருக்கிறேன்.

நீ போட்டுவிட்டு ஓடிய சுருளை இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாம் காட்சியில் சிசிலியின் பேச்சை முழுதாக எழுதியிருக்கிறேன். அதையும் மனப்பாடம் செய்.

ஹம்ஃப்ரி