புண்ணாக்கு வேண்டாம் என்று சொன்னவளுக்கு

அன்பு மகள் ரக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே சிங்கப்பூரில், கிளமெண்டி வீட்டில் நானும் அப்பாவும் உன் தம்பி ஜெய்யும் சுகம். நீயும் உன் மாடுகளும் சுகமா என்று சேர்த்தே கேட்கிறேன், அதுகளுக்கு ஒன்று என்றால் உனக்குச் சோறு இறங்காது. பண்ணை முதலாளியிடம் போய், வேண்டாம் என்று சொன்ன நானே எப்படிம்மா புண்ணாக்கு கேட்பேன் என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கும் இறங்கவில்லை. போனில் பதில் சொன்னால் லைன் சரியில்லை என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஜெய் இதைப் படம் எடுத்து அனுப்புவான்.

செப்டம்பரில் நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். நியூசிலாந்தில் வசந்தகாலம், இளம்புல் முழங்கால் வரைக்கும் நிற்கிறது என்றாய். மாடு மெலிகிறதே என்று முதலாளி புண்ணாக்கு வாங்கப் போக, வேண்டாம், புல்லிலேயே புரதம் மிஞ்சிக் கிடக்கிறது, மிஞ்சியதை வெளியே தள்ளவே மாடு தன் சக்தியைச் செலவழிக்கிறது, மக்காச்சோளம் போடுங்கள் என்று தீனிக் கணக்குப் பார்க்கும் நீ தடுத்தாய். பாலும் ஏறியது, மாடும் தேறியது. அப்பாவைத்தான் தெரியுமே, லிஃப்ட் நின்றால் லிஃப்ட் புண்ணாக்கு, பஸ் வராவிட்டால் டிரைவர் புண்ணாக்கு. நம்ம வீட்டுப் புண்ணாக்கு போய்ப் புண்ணாக்கு வேண்டாம்னு சொல்லிருக்கா பாரு என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது மழை இல்லாமல் புல் காய்ந்து, அதில் புரதமே இல்லை, மக்காச்சோளத்திலும் அது குறைவு, பால் தினமும் இறங்குகிறது என்கிறாய். இனிமேல் புண்ணாக்குதான் வேண்டும் என்று உனக்குத் தெரிகிறது, வாய்தான் வரவில்லை. முதலாளி சிரிப்பார், ஜூனில் உன் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார் என்று பயப்படுகிறாய்.

நேற்று தைப்பூசம், உனக்காகப் பால்குடம் எடுத்தேன். சிராங்கூன் ரோட்டில் குடத்தில் ஊற்றிய பால்பெட்டியில் பச்சைப் புல் படம் போட்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடக்க நடக்க நாதஸ்வரம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. தார் ரோடு காலைச் சுடவில்லை, ஈரமாக, மெத்தென்று இருந்தது. டோபி காட் பக்கம் வரும்போது கறுப்பும் வெள்ளையுமாக உன் மாடுகள் வரிசையோடு வரிசையாக என் பக்கத்தில் வந்தன, அவசரமே இல்லாமல். பிடரியில் மூச்சு வெதுவெதுப்பாகப் பட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, போலீஸ்காரர்கூட ஒதுங்கி வழி விட்டார். அப்புறம் பின்னால் வந்த பெண், அக்கா, நடங்க லா, வெயில் ஏறுது என்றாள், யாரோ காலில் தண்ணீர் ஊற்றினார்கள், நான் டேங்க் ரோட்டு முருகன் கோயில் வாசலில் இருந்தேன். சன்னதியில் உன் வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, முருகா, அந்த மாடுகளுக்கு வேண்டியது கிடைக்கட்டும். ஏன் அப்படி வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன், கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே.

புல்லைப் பார்த்துத்தான் தீனிம்மா என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீதான். அன்றைக்கும் புல்லைப் பார்த்துச் சொன்னாய், இன்றைக்கும் புல்லைப் பார்த்துத்தான் சொல்லப் போகிறாய். மாறினது புல், நீ இல்லை. முதலாளி சிரித்தால் சிரிக்கட்டும், மாடு உன் மானத்துக்காகக் காத்திருக்காது. வேலை போனால் உன் அறை இங்கே அப்படியே இருக்கிறது, ஜெய்யின் சைக்கிளை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். ஆனால் வாயைத் திறக்காமலே இருந்து நீ திரும்பி வந்தால் எனக்குத் தாங்காது கண்ணு. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை நேரில் சொல்ல எனக்கு வராது.

முருகன் உன்னோடு இருப்பான், நூறு வருஷம் நன்றாக இரு. வெயிலில் தொப்பி போடு. அப்பாவிடம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், அந்தப் புண்ணாக்கைப் போய்ப் புண்ணாக்கு கேட்கச் சொல்லு என்றார். கண் கலங்கித்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போய்க் கேள்.

உன் அம்மா,
கண்மணி