அமாவாசைக்கு அப்பாவின் குரல்

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு,

விமல் வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நிறுத்தாதே. நான் நன்றாக இருக்கிறேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் காத்திவாக்கம் வரும் டில்லிபாபுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. லேப்டாப் மெதுவாக ஓடுகிறதே என்று புது ஓ.எஸ். போட்டேன். நடுவில் ஏதோ கேட்டது, படிக்காமலே ‘சரி’ அழுத்திவிட்டேன். எல்லாம் அழிந்துவிட்டது. போட்டோக்கள் தங்கச்சி கீர்த்தியிடம் இருக்கின்றன. அப்பா சாவதற்கு முந்தின நாள் படகிலிருந்து போனில் பேசி அனுப்பிய குரல் பதிவு மட்டும் வேறெங்கும் இல்லை. கேட்டுக் கேட்டு அழுகிறாய் என்று உன் போனிலிருந்து அதை நான்தானே அழித்தேன்.

வரும் அமாவாசைக்கு நீ படையல் வைக்கும்போது, வழக்கம்போல் இங்கிருந்து போட்டுக் காட்ட அப்பா குரல் இல்லை. மன்னித்துவிடு அம்மா.

டில்லிபாபு திரும்பும்போது நெத்திலிக் கருவாடும் அப்பா கைலி ஒன்றும் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

கீழே வேன் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. அதில் “இன்னா நைனா, துன்ட்டியா? கடலு இன்னிக்கு சும்மா கீது” என்பாரே, அதை அவர் மாதிரியே பேசிக் கீர்த்தி போனில் அனுப்பு. வார்த்தை நினைவிருக்கிறது. நடுவில் எந்த இடத்தில் சிரிப்பார் என்பதுதான் மறந்துவிட்டது.

விமல்