தூக்குவது யார் வேலை?

ஐப்பசி, செவ்வாய்

போன வருஷம் லிஃப்ட் ஓடாத அன்று நோயாளியைப் படியில் தூக்கி இறக்கியபோது விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. வார்டு ஆயாவான எனக்குத் தூக்கும் வேலை கிடையாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் இழப்பீட்டை மறுக்கிறார்கள். இது அநியாயம்.

இன்று அன்னவாசல் போய், என்னோடு வேலை பார்த்த நர்ஸ் சகாயமேரியிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"தூக்குறது ஒன் வேலை இல்லையாமா? என் தலப்பிரசவத்துக்கு என்னைய மாடிக்குத் தூக்கிட்டுப் போனது யாருடி? கத்துனா கீழ போட்ருவேன்னு வழியெல்லாம் மெரட்டுனியேடி!"

அப்போதெல்லாம் வார்டில் எது யார் வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரே டம்ளரில் டீயை மாற்றி மாற்றிக் குடித்தோம். நான் யாரையும் கீழே போட்டதில்லை. இடுப்பு முறிந்த அன்றும் நோயாளியை விடவில்லை.

வெள்ளிக்கிழமை இழப்பீட்டு விசாரணையில் சகாயமேரி இதை அப்படியே சொல்ல வேண்டும். அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். நான் அங்கே அழக் கூடாது.