உம்முடைய பெயரில் ஒரு மதில்

பாசமும் கோபமும் பாதிக்குப் பாதியாய், என் பூமணி மச்சாளுக்கு,

போன இடத்தில் சுகமாக இருக்கிறீரோ? இருப்பீர். உமக்கென்ன, நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டீர். இங்கே ஊர்காவற்றுறைப் பட்டினமே உம்முடைய பெயரைத் திட்டுகிறது. அதைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான்.

"பூமணி வத்திப்போச்சு" என்கிறார்கள். "பூமணியால எங்கட கிணறும் உவராப்போச்சு" என்கிறார்கள். ஆடியில் ஒருநாள், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள், "அந்தக் கோதாரி விழுந்த பூமணிதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள். அவள் இந்தப் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்தவள். பூமணி என்று ஒரு மனுசி இருந்தது அவளுக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

"பூமணி என்ர தமையன்ர பெண்சாதி. மாடு வளர்த்து இந்தத் தெருவுக்கே பால் குடுத்தவ. வாயைக் கழுவிப்போட்டுக் கதையும்!"

"வாய் கழுவத் தண்ணி எங்கயக்கா கிடக்கு?" என்று கேட்டாள் அவள்.

கீழே போட்ட வாளியை எடுத்துக்கொண்டு திரும்ப வரிசையில் போய் நின்றேன், மச்சாள்.

நடந்ததைச் சொல்கிறேன். இலந்தையடிக் குளத்தை இப்போது யாரும் இலந்தையடிக் குளம் என்று சொல்வதில்லை. அதன் பெயர் 'பூமணி அம்மா நினைவுத் தடாகம்'. கறுப்புப் பளிங்குக் கல்லில் தங்க எழுத்தில் வெட்டியிருக்கிறது. செய்தவன் உம்முடைய மகன் சுதன்தான். கனடாவிலிருந்து உம்முடைய முதலாம் வருட ஆட்டத்திவசத்துக்கென்று இரண்டு மாதம் முன்னதாகவே வந்தவன், அம்மாவின் பெயரில் ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் கோயில் வளைவும் பஸ் தரிப்பிடமும் கட்டிக்கொண்டிருக்க, இவனுக்குக் குளம் நினைவுக்கு வந்தது. அந்த எண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். பாலூட்டினவள் தண்ணீரோடு சேர்ந்து இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான்.

ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஊர் அபிவிருத்திச் சங்கத் தலைவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கொழும்பில் ஏதோ ஒரு வாவிக்கரை. சுற்றிவர உயர்ந்த மதில், அதன்மேல் கம்பிவேலி, உள்ளே நிறக்கல் பதித்த நடைபாதை, கதிரைகள், குண்டு குண்டாக விளக்குகள். "எங்கட பட்டினத்துக்கும் இப்பிடி ஒண்டு வேணும் தம்பி. சனம் பின்னேரத்தில வந்து காத்து வாங்கும்" என்றார். தீவில் இருக்கிறவனுக்குக் காற்று வாங்க இடமில்லையாம்! நாலுபக்கமும் கடல். வீட்டுக் கூரையையே கழற்றிக்கொண்டு போகிற காற்று. கேட்டுக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எல்லாம் திவசத்துக்கு முதல் முடியவேண்டும் என்று அவதி அவசரம். மண்ணைப் பார்த்தார்களா, சரிவைப் பார்த்தார்களா, மழை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று யாரையாவது கேட்டார்களா? ஒன்றுமில்லை. நான் வாய் திறந்தபோது, "மாமி, இதெல்லாம் எஞ்சினியர் பாக்கிற வேலை" என்றான் சுதன். எஞ்சினியர் எங்கே என்றேன். மதில் கட்டக் கொந்தராத்து எடுத்தவரின் மருமகன் யாழ்ப்பாணத்தில் அதைத்தான் படிக்கிறானாம்.

திறப்பு விழாவன்று நாதஸ்வரம் வைத்தார்கள். சுதன் துணியை விலக்கினான். சனம் கை தட்டியது. நான் கிட்டப் போய் வாசித்தேன். மேலே உம்முடைய பெயர். கீழே உம்முடைய படம், அந்த அடையாள அட்டைக்கு எடுத்த முறைத்த முகம். அதற்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? 'குளித்தல், துணி துவைத்தல், மீன் பிடித்தல், கால்நடைகளை இறக்குதல் முற்றாகத் தடை.'

பூமணியின் குளத்தில் மாட்டுக்குத் தடை! உம்முடைய படத்தின் கீழே! வாழ்ந்த காலம் முழுவதும் நீர் அந்தக் குளத்தில் என்னவெல்லாம் செய்தீரோ, அதையெல்லாம் ஒரே பலகையில் மறித்து, அதற்கு உம்மையே காவலுக்கு வைத்திருக்கிறார்கள். நீர் இருந்திருந்தால் அந்தப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பீர். கல் எரியாது என்று சொன்னால், எரியும்வரைக்கும் ஊதியிருப்பீர்.

அந்த நேரம் பார்த்து உம்முடைய செவலைப் பசு வந்தாள். நீர் போனபிறகு அவள் என் வீட்டு வளவில்தான் நிற்கிறாள். தண்ணீருக்கு மட்டும் யார் சொல்லியும் கேட்காமல் குளத்துக்குத்தான் போவாள். பந்தலுக்குள் நுழைந்து, தலைவரின் பட்டு வேட்டியை உரசிக்கொண்டு, மாடு இறங்கும் வாய் இருந்த இடத்துக்கு நேரே போனாள். அங்கே மதில். நெற்றியால் ஒருக்கால் தட்டிப் பார்த்துவிட்டு நின்றாள். யாரோ தடியால் கலைத்தான். "தொடாத! அதுதான்ரா இண்டைக்கு வந்த முதல் விருந்தாளி!" என்று கத்தினேன். எனக்கு விசர் என்று எல்லோரும் சிரித்தார்கள். சுதன் சிரிக்கவில்லை. விலக்கின துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

அந்த வாயை உமக்கு நினைவிருக்கும். தெருப்பக்கமாக, இரண்டு மாடு சேர்ந்து இறங்கக்கூடிய மண் சரிவு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போயிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் குப்பையும் கல்லும். குளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. மிதிவெடி இருக்கும் என்று எல்லோரும் மறிக்க, நீர் அந்தச் சரிவால் விறுவிறு என்று இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தீர். "வாரும் மச்சாள், இனிக்குது" என்றீர். உண்மையில் பாசி மணத்தது. ஆனாலும் ஓம், இனிக்குது என்றுதான் நானும் சொன்னேன். அன்றைக்குத்தான் இனி இங்கேயே இருப்போம் என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நல்ல மழை, ஊற்றி எடுத்தது. தெருவில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. மதிலோரமாக ஓடி, பஸ் நிலையத்தைச் சுற்றி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கடலுக்குப் போனது. குளத்துக்குள் வானத்திலிருந்து நேரே விழுந்தது மட்டும்தான். நிறக்கல் பாதையில் நின்று குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெளியே வெள்ளம், உள்ளே சேறு. இப்படி ஒரு அநியாயத்தை எங்கேயாவது கண்டிருக்கிறீரோ? பங்குனியில் குளம் பாளம் பாளமாக வெடித்தது. குளம் நிறைந்து ஊறினால்தானே எங்களுடைய கிணறுகளுக்குள் கடல் வராமல் நிற்கும்? சித்திரை பிறக்கத் தேத்தண்ணீர் கரித்தது. வருடப்பிறப்புக் கைவிசேசக் காசு வாங்க வந்த பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்கள்.

குளத்தோடு கோபித்துக்கொண்டு கழுவாமல் போனவனைப் பற்றி ஒரு பழமொழி சொல்லுவீரே, முழுதாகச் சபையில் சொல்ல ஏலாது. இங்கே குளமல்லவா எங்களோடு கோபித்துக்கொண்டு போயிருக்கிறது!

வைகாசியில் பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பிள்ளைகள் வந்தார்கள். பட்டினங்களில் இருக்கும் நீர்நிலைகளைப் பற்றிப் படிக்கிறார்களாம். தாரணி என்றொரு பிள்ளை, நல்ல மரியாதையாக, என்னோடு மதில் நிழலில் குந்திக்கொண்டு கேட்டது.

"அம்மா, இந்தக் குளத்தை நீங்கள் இயற்கையின்ர இடமாப் பாக்கிறியளோ, பண்பாட்டு இடமாப் பாக்கிறியளோ, இல்லாட்டிச் சமூகத்தின்ர இடமாப் பாக்கிறியளோ?"

"பிள்ளை, இதில மாடு தண்ணி குடிக்கேக்க அது இயற்கை. வைரவருக்கு முழுக்காட்டக் குடத்தில மொள்ளேக்க பண்பாடு. நானும் என்ர மச்சாளும் துவைக்கிற கல்லுக்குச் சண்டை பிடிச்சு அடிபடேக்க சமூகம். மூண்டும் ஒரே விடியலில நடந்திருக்கு. எதையெண்டு பிரிச்சுச் சொல்லுறது?"

பிள்ளை சிரித்தது. "இப்ப?"

"இப்ப செல்ஃபி எடுக்கிற இடம்."

பிறகு, மழைவெள்ளம் முந்தி எந்தப் பக்கத்தால் குளத்துக்குள் இறங்கினது என்று கேட்டது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாடு இறங்கும் வாயால்தான் தெருவெள்ளமும் இறங்கும், வேறு வழி எது? காட்டிக்கொண்டு நிற்கவே எனக்குள் ஏதோ உறைத்தது. தாரணி மதிலை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அப்ப மாட்டுக்குத் தடையெண்டு சொல்லி மழைக்கும் எல்லே தடை போட்டிருக்கினம்."

இத்தனை மாதமாக நான் சும்மா ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எதற்கு ஆத்திரப்படவேண்டும் என்று சரியாகத் தெரிந்தது. நேரே தலைவரிடம் போனேன். "நன்கொடை தந்தவரைக் கேக்காமல் ஒரு கல்லும் தொட ஏலாது" என்றார். சுதனுக்குப் போன் எடுத்தேன். "மாமி, குளம் இப்ப சங்கத்தின்ர பொறுப்பு. அவையைக் கேளுங்கோ" என்றான். இவர் அவனைக் காட்ட, அவன் இவரைக் காட்ட, நடுவில் நான் பவுசருக்குப் பின்னால் ஓடுகிறேன். மறுபடியும் எடுத்துக் கத்தினேன்.

"அம்மான்ர பேரை உடைக்கச் சொல்லுறியளோ மாமி?" என்று கேட்டான். குரல் உடைந்துபோயிருந்தது.

"பேரை இல்லையடா, மதிலை!"

போனை வைத்துவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. அவனுக்குத் தாய் இல்லை, அந்தக் கல் ஒன்றுதான் இருக்கிறது. அது எனக்கு விளங்காமல் இல்லை.

இந்த ஆவணியில் உம்முடைய இரண்டாம் திவசத்துக்கு வந்தான். என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. ஐயர் சொன்னபடி எல்லாம் செய்தான். கடைசியில் மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கவேண்டுமே, செவலைக்குத்தான் கொடுத்தான். அவள் தின்று முடித்தாள். தண்ணீர் வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர். மணந்து பார்த்துவிட்டு வாளியைத் தட்டிவிட்டாள். பிறகு படலையைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "எங்க மாமி போறாள்?" என்றான். "போய்ப் பார்" என்றேன்.

வேட்டியோடு அவளுக்குப் பின்னால் நடந்தான். நான் அவனுக்குப் பின்னால். அவள் அந்த இடத்துக்குப் போய் மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், கத்தவும் இல்லை. சுதன் அவளைப் பார்த்தான். பிறகு பலகைக்குப் போய், தான் வெட்டுவித்ததைத் தானே முதன்முதலாக வாசிக்கிறவன் போல மேலிருந்து கீழ்வரை வாசித்தான். உம்முடைய முகத்துக்கு முன்னால் கனநேரம் நின்றான். நீர் என்ன சொன்னீரோ, எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து, "மாமி, அலவாங்கு இருக்கோ?" என்று கேட்டான்.

ஐயோ மச்சாள், இந்த வயதில் நான் அப்படி ஓடியதை நீர் பார்த்திருக்கவேண்டும்! அவன் அந்த இரும்புப்பாரையால் மதிலைக் குத்தினான், நான் கல்லை இழுத்துப் போட்டேன். பவுசருக்கு நின்ற சனத்தில் சிலர் வந்தார்கள். வாய் கழுவத் தண்ணீர் கேட்டாளே, அவளும் முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்தாள். தலைவர் மோட்டார்சைக்கிளில் வந்து குதித்தார்.

"பொதுச்சொத்தை உடைக்கிறியளோ? பொலிசுக்குச் சொல்லுவன்!"

"சொல்லுங்கோ. எல்லாத்துக்கும் காரணம் பூமணிதானே, இதையும் பூமணிதான் உடைச்சவ எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

மதிலின் அடிக்கல்வரை பிடுங்கி, பழைய சரிவு தெரியும் மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. இரண்டு மாடு சேர்ந்து இறங்கலாம். செவலை எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள். உள்ளே வெடித்த மண்தான். அங்கும் இங்கும் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஏறி வந்தாள். மழைக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

சுதன் கனடாவுக்குப் போய்விட்டான். போகும்போது, "கல் இருக்கட்டும் மாமி, கீழ இருக்கிற வரியை மட்டும் அழிச்சுவிடுங்கோ" என்றான். உளி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் சங்கம் கூட்டம் போட்டு, இடித்த இடத்தைத் திரும்பக் கட்டப்போவதாகச் சொல்கிறது. திங்கட்கிழமை என்னைப் பொலிசுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். போவேன். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, ஒரு போத்தலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுபோவேன். கேள்வி கேட்கிறவர் முதலில் அதில் ஒரு வாய் குடிக்கட்டும்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவர்கள் மதிலை எழுப்பினால் நான் திரும்ப உடைப்பேன். எத்தனை தரம் எழுப்பினாலும் அத்தனை தரம். அலவாங்கு குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. ஐப்பசியில் முதல் வெள்ளம் தெருவால் வரும்போது அந்த வாயில் நான் நிற்பேன், செவலையும் நிற்பாள். தண்ணீர் உள்ளே இறங்கினபிறகு குனிந்து ஒரு கை அள்ளிக் குடிப்பேன். பாசி மணத்தாலும் சரி, சேறு கலங்கினாலும் சரி, ஊருக்கே கேட்கும்படி சொல்லுவேன்: "பூமணி இனிக்குது."

துவைக்கிற கல்லுக்கு அடிபட வேறு ஆள் இல்லாத
உம்முடைய மச்சாள்,
நாகேசு