ஆக்னஸின் தலையில் ஊற்றிய தண்ணீர்

கிரெய்ல்,
புனித லூக்கா திருநாள், 1496

அன்புள்ள மேரியட் அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு இருமல்தான் குறையவில்லை. லீத்துக்கு வேலைக்குப் போனவளுக்கு ஒரு வரி எழுதக்கூட நேரமில்லையா? கன்னியர் மடத்துப் படிப்பைப் பாதியில் விட்ட நானே எழுதுகிறேன்.

ஞாயிறன்று கோயிலில் உனக்கும் நிக்கல் அத்தானுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். உடனே மீன்காரி கிறிஸ்டி எழுந்து, "நிக்கலோட செத்த குழந்தைக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்துனதே மேரியட்தானே சாமி? ஞானத்தாயி எப்படிக் குழந்தையோட அப்பனையே கட்டுவா?" என்று கேட்டுவிட்டாள். சாமியார் ஓலையைச் சுருட்டிவிட்டார். அந்தக் குழந்தை ஆக்னஸ் பிறந்து அவள் அம்மா இறந்த காலையில் உன்னோடு இருந்தவள் நான் மட்டும்தான். அதனால் என்னை விசாரிப்பாராம். இந்தத் தடைக்கு ரோமாபுரியில் பாப்பரசரிடம் விலக்கு வாங்க நம்மால் ஆகுமா? என்ன சொல்லட்டும்?

உன் தங்கை
எல்ஸ்பெத்

லீத்,
சகல புனிதர் திருநாளுக்கு மறுநாள்

என் செல்லத்துக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அம்மா போனபின் உன்னை வளர்த்ததற்கு நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஞானஸ்நான வார்த்தைகளை நான் சொல்வதற்குள் குழந்தை போய்விட்டது என்று சொல். உனக்கு வாய் திறப்பதே கஷ்டம், தெரியும். தலையை ஆட்டினால் போதும். ஆக்னஸ் போய்ச் சேர்ந்துவிட்டாள். யாருக்கு என்ன நஷ்டம்?

உன் அக்கா
மேரியட்

கிரெய்ல்,
புனித மார்ட்டின் திருநாள்

அக்கா,

நீ சொன்னபடியே தலையை ஆட்டினேன்.

நாம் ஒன்றை யோசிக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை கோயில் மண்ணில் கிடக்கக் கூடாதாம். ஆக்னஸை அவள் அம்மா பக்கத்திலிருந்து எடுத்து மதிலுக்கு வெளியே புதைக்கச் சொல்லி, சாமியார் அப்போதே குழிவெட்டியைக் கூப்பிட்டார். மண்வெட்டி புல்லில் இறங்கியது. அத்தான் மண்டியிட்டு, தூங்கும் பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அப்போது நான் கத்திவிட்டேன். "சொன்னா சாமி. எங்கக்கா எல்லா வார்த்தையும் சொன்னா. பிள்ளை கண்ணு முழிச்சுப் பாத்துச்சு. கிண்ணம் என் கையிலதான் இருந்துச்சு."

துறைமுகம்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பொய் சொன்னதற்காக நான் ஞாயிறு பூசையில் வெறுங்காலோடு மெழுகுவர்த்தி பிடித்து நிற்க வேண்டும். அது கிடக்கட்டும்.

அத்தான் பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "எம் புள்ளைக்கு மோட்சம் குடுத்தவ உங்கக்கா. அவளுக்கு எழுது" என்றார். எழுந்து, "இனிமே என்னை அத்தான்னு கூப்பிடாத, தாயி" என்றார்.

உன் கல்யாணத்துக்கென்று பின்னிய கம்பளிச் சால்வையைப் படகில் கொடுத்தனுப்புகிறேன். சும்மாவாவது போர்த்திக்கொள். என்னைத் திட்டியாவது எழுது.

எல்ஸ்பெத்

கிரெய்ல்,
கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள்

அக்கா,

சால்வை திரும்பி வந்தது. நான் மடித்த மடிப்பு கலையவே இல்லை. உள்ளே ஏதாவது எழுதி வைத்திருப்பாய் என்று உதறி உதறிப் பார்த்தேன்.

லீத்தில் இங்கிருப்பதைவிடக் காற்று அதிகமாமே. குளிருமே அக்கா.

எல்ஸ்பெத்