பாம்புக்கு இரண்டு விரல்

11.8.86, திங்கள்

வகுப்பில் கையால் பேசக்கூடாது என்று நிர்வாகி சவுரியப்பன் சார் மறுபடி சொன்னார். காது கேளாத பிள்ளைகளை உதட்டைப் பார்த்து வாயால் பேசத்தான் பழக்க வேண்டுமாம். இன்னொரு தடவை பார்த்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றார். சரிங்க சார் என்றேன்.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். காது கேளாத என் தம்பியோடு பேசிப் பழகிய சைகைகள்தான். விரல் மாறினால் சொல்லே மாறிவிடும் என்று காட்டினேன். ஒரு விரலை நீட்டிக் குத்தினால் முள். இரண்டை வளைத்துக் குத்தினால் பாம்பு. வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

எத்தனை நாள் இப்படி?

14.8.86

தர்மபுரி ஆஸ்பத்திரி வராந்தா. ராத்திரி.

சாயங்காலம் என் வகுப்புப் பிள்ளை தீர்த்தம்மாள் பள்ளி வேலியோரத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். பாதத்தில் ஒரு பொட்டு ரத்தம். முள்ளு குத்தியிருக்கும், கழுவி விடுங்க என்றார் சார். அவள் சைகை காட்டினாள். நடுக்கத்தில் ஒரு விரலா, இரண்டா, தெரியவில்லை. மறுபடி காட்டச் சொன்னேன். அதே நடுக்கம். சட்டென்று என் கையைப் பிடித்தாள். என் இரண்டு விரல்களையும் இழுத்து வளைத்து, தன் பாதத்தில் அழுத்தினாள்.

"பாம்புங்க சார். வண்டி வேணும்."

"இந்தச் சைகைய நம்பியா, அமீனா டீச்சர்?"

"ஆமாங்க."

என் முகத்தைப் பார்த்தார். வண்டிக்கு ஓடினார்.

முள்ளாகவே இருக்கட்டும், என் வேலை போனாலும் போகட்டும் என்று வழியெல்லாம் வேண்டினேன். இண்டூர் தாண்டும்போது அவள் கால் வீங்கிவிட்டது.

15.8.86

ஊசி போட்டிருக்கிறார்கள். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதாம். யா அல்லா, நான் கொஞ்சம் தாமதிச்சிட்டேனா? ரெண்டாவது தடவை எதுக்குக் காட்டச் சொன்னேன்?

16.8.86

கண் திறக்கவில்லை.

18.8.86

திறந்தாள். தண்ணீர் கேட்டாள், கையால். கட்டிலருகே நின்ற சார் டம்ளரை எடுத்துக் கொடுத்தார்.

1.9.86

தீர்த்தம்மாள் காலை இழுத்து இழுத்து நடந்து பள்ளிக்கு வந்தாள். கூட்டி வந்த அவள் அம்மா மாதம்மாள் திரும்பிப் போகாமல் நின்றாள்.

"வலிக்குதான்னு கையில எப்படிங்க டீச்சர் கேக்கறது? இவ பொறந்ததுலேர்ந்து நான் கேட்டதே இல்லீங்க."

காட்டினேன். மகளைப் பார்த்துக் கேட்டாள். இப்போது இல்லை என்று தலையாட்டிய தீர்த்தம்மாள், முழங்கைத் தழும்பு, காது, வயிறு என்று இதுவரை எங்கெல்லாம் வலித்ததோ அதையெல்லாம் காட்டத் தொடங்கினாள். மணி அடித்தும் நான் நகரவில்லை.