கிழக்குத் தெருவைப் பார்த்த குழாய்

ஊரிலிருந்து,
18-8-2025

அன்புள்ள ராதிகாவுக்கு,

நலம்தானே? நாலு வருடமாக நீ என் போனை எடுக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். வெள்ளிமலைக்குத் தபால் வரும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துவிடாதே.

எங்கள் ஊராட்சி இருபது வருடத்துக்கான திட்டம் போடுகிறது. தண்ணீர், துணை சுகாதார நிலையம், நூலகம் எல்லாம் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்ய, பள்ளிக்கூட மைதானத்தில் கோலமாவால் ஊரையே வரைந்தோம். ஓவர்சியர் தேவிப்ரியா, “இருவது வருசம் கழிச்சி ஊரு எதுவரைக்கும் வரும்?” என்று கேட்டாள். குஞ்சம்மாள் பாட்டி எழுந்து போய்க் கரும்புக் கொல்லைக்குள் ஒரு தெருவை இழுத்தாள். “எம்பேத்தி வூடு இங்க.” அப்புறம் ஆளாளுக்கு மாவை வாங்கினார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் பிறக்காதவர்களின் ஊர் தரையில் கிடந்தது. அதை மிதிக்கப் பயந்து எல்லோரும் ஓரமாகச் சுற்றிப் போனோம். எதற்கு ஊராட்சித் தலைவராக இருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது, பயமாக.

மறுநாள் புதுக் குழாய்க்கு அளவு பார்க்க, டேங்க் அடியில் பழைய மெயின் பைப்பைத் தோண்டினோம். அதிலிருந்து எங்கள் கிழக்குத் தெருவைப் பார்த்து ஒரு கிளை பிரிந்திருக்கிறது. மூடி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். 1996-இல் பதித்த பைப். அப்போது டேங்க் ஆபரேட்டர் உன் அப்பா. நாலு வருடம் முன்பு தேர்தல் மேடையில் நான் அவர் பேரைச் சொல்லி, “எங்க தெருவுக்குத் தண்ணிய மறிச்சவரு ஆதிமூலம்” என்று பேசினேன். இந்தக் கிளை அவருக்குத் தெரியுமா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
மெர்லின்

வெள்ளிமலை,
4-9-2025

மெர்லினுக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பள்ளியில் காலாண்டுத் தேர்வு வேலை. அதைவிட, எழுதக் கை வரவில்லை.

அந்தக் கிளையை வைக்கச் சொன்னதே அப்பாதான். பைப் பதித்தபோது எங்கள் தெருக்காரர்கள், “அவங்களும் நாமளும் ஒரே தண்ணியா?” என்று தடுத்தார்கள். அப்பா மேஸ்திரியிடம், “வெச்சி மூடிடு. மண்ணுக்குள்ள யாரு பாக்கப் போறாங்க” என்றாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்த தலைவர்களிடமெல்லாம் திறக்கலாமா என்று கேட்டார். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. அவரும் தானாகத் திறக்கத் துணியவில்லை.

நீ பேசிய அன்று அப்பா சாப்பிடவில்லை. “நீ வெச்சத சொல்ல வேண்டியதுதானே” என்றேன். “தொறக்காத கொழாய்ல இன்னா பெருமை? அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்” என்றார். போன தை மாதம் இங்கே என் வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அவர் உன் மேல் கோபப்படவே இல்லை. நான்தான் பட்டேன்.

ராதிகா

ஊரிலிருந்து,
3-10-2025

அன்புள்ள ராதிகா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை வருடமும் கொல்லைக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தவள் உபகாரமேரி. “தொறந்திருக்கலாம்” என்றாள். பிறகு, “எங்க தெருவ யாருமே நெனைக்காதப்போ ஒருத்தரு நெனச்சிருக்காரே” என்றாள்.

நேற்று கிராம சபை. மேடையில் நான் பேசியது தவறு என்று அதே ஊருக்கு முன்னால் சொன்னேன். அவர் கிளை வைத்ததைச் சொன்னேன், திறக்காததையும் சொன்னேன். உங்கள் தெரு வெங்கடேசன் எழுந்தார். “அன்னிக்குத் தடுத்ததுல எங்கப்பாதான் மொத ஆளு. தொறந்துடுங்க” என்று சொல்லி உட்கார்ந்தார்.

திட்டத்தில் முதல் வேலை அதுதான். இனி எந்த மெயின் பைப் பதித்தாலும், வெறும் நிலத்தைப் பார்த்தும் கிளை வைப்போம் என்றும் தீர்மானம். எழுதிக்கொண்டிருந்த தேவிப்ரியா, “வீடே இல்லாத பக்கம் யாருக்குன்னு எழுதறது?” என்றாள். “வரப்போறவங்களுக்குன்னு எழுதும்மா” என்றாள் குஞ்சம்மாள். தீர்மானப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

25-ஆம் தேதி சனிக்கிழமை திறக்கிறோம். வருவாயா?

உன் மெர்லின்

வெள்ளிமலை,
12-10-2025

அன்புள்ள மெர்லின்,

வருகிறேன். முதல் பஸ்ஸில் மலையிறங்குகிறோம், அம்மாவும் நானும்.

அம்மா இத்தனை வருடத்தில் உங்கள் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. நேற்று புடவையை மடித்துக்கொண்டே, “உபகாரமேரி என்னிய வூட்டுக்குள்ள கூப்புடுவாங்களா?” என்று கேட்டாள். உன் அம்மாவிடம் கேட்டு எழுது.

உன்,
ராதிகா